நீண்ட தூரம் போக லாங்போர்டுக்கு எந்தச் சக்கரம்? கையில் 50 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்)

5 மார்ச் 2023

அக்கா மகன் ஜனவரியில் தேசிய சேவைக்கு (இங்கே சிங்கப்பூரில் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை) போனான். போகும்போது, "மாமா, சும்மாதான் கிடக்கும், நீங்க வச்சுக்குங்க" என்று தன் லாங்போர்டை (நீளமான ஸ்கேட்போர்டு) என் தலையில் கட்டிவிட்டான். 40 அங்குலப் பலகை, தரைக்குத் தாழ்வாக நிற்கும் டிராப்-த்ரூ வகை. ட்ரக் (சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பாகம்) 180 மிமீ. சக்கரம் 70 மிமீ, 78ஏ (கடினத்தின் அளவு), கூடவே வந்தது, பெயர் எல்லாம் தேய்ந்துவிட்டது. எனக்கு வயது 41, எடை 84 கிலோ.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பெடோக் படகுத்துறையிலிருந்து மரினா பராஜ் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று ஆசை. ஒரு வழி சுமார் 10 கிலோமீட்டர். இப்போது பாதி போவதற்குள் நாக்கு தள்ளுகிறது. பக்கத்தில் குழந்தைகள் மூன்று சக்கர சைக்கிளில் முந்திக்கொண்டு போகிறார்கள்.

என் கணிப்பு: சக்கரம் சின்னது, அதனால்தான். 85 மிமீ போட்டால் சரியாகிவிடும். கடையில் பெயர் போன 85 எல்லாம் 100 வெள்ளியைத் தொடுகிறது. பெயர் இல்லாதது இணையத்தில் 32 வெள்ளி. வாங்கலாமா? தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதுங்கள்.

5 மார்ச், இரவு

எழுத மறந்தது. சறுக்கி நிறுத்துவது, மலை இறக்கம் எதுவும் எனக்கு வேண்டாம். சிங்கப்பூரில் மலைக்கு எங்கே போவது. உந்த வேண்டும், உருள வேண்டும், மறுபடி உந்த வேண்டும். அவ்வளவுதான்.

12 மார்ச் 2023

"பெரியது வாங்கு, விரிசலில் மாட்டாது" என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். நானும் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடிகால் மூடியில் 20 மிமீ இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். 70 மிமீ சக்கரம் அதில் 1.5 மிமீ இறங்கும். 85 மிமீ சக்கரம் 1.2 மிமீ இறங்கும். வித்தியாசம் கால் மில்லிமீட்டர். இதற்கா 32 வெள்ளி?

ஆனால் சுற்றளவு கணக்கு வேறு மாதிரி. 70 மிமீ சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4,550 முறை சுற்றுகிறது. 85 மிமீ 3,750 முறைதான். கிலோமீட்டருக்கு எண்ணூறு சுற்று மிச்சம். இது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆர்டர் போட்டுவிட்டேன்.

(பின்குறிப்பு: சுற்று குறைந்தால் உழைப்பு குறையும் என்று எப்படி முடிவு செய்தேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. சைக்கிளில் கியர் மாற்றுவதுபோல் நினைத்துவிட்டேன். இங்கே கால் சக்கரத்தைச் சுற்றுவதில்லை, தரையைத் தள்ளுகிறது.)

2 ஏப்ரல் 2023

பார்சல் வந்தது. 85 மிமீ, 78ஏ என்று அச்சடித்திருக்கிறது. நடுக்கூட்டில் ஆரக்கால் மாதிரி ஓட்டைகள். மின்சார ஸ்கேட்போர்டில் மோட்டார் வார் சுற்றும் கப்பியை மாட்டுவதற்கான ஓட்டைகளாம். சமையலறைத் தராசில் வைத்தேன்: நான்கும் சேர்ந்து 1.2 கிலோவுக்குப் பக்கம். பழைய 70 நான்கும் 700 கிராம்.

மாட்டியதும் முதலில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பலகை சாயும்போது சக்கரம் அடியில் பட்டால் அப்படியே பிடித்து நிறுத்தும், நீங்கள் மட்டும் தொடர்ந்து போவீர்கள். சக்கரத்தின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டுப் பலகையின் ஓரத்தில் இரண்டு காலையும் வைத்து அழுத்தினேன். அடியில் வெள்ளைக்கோடு விழவில்லை. டிராப்-த்ரூ பலகையில் சக்கரம் இருக்கும் இடத்தை வெட்டிவிட்டிருப்பதால் தப்பித்தேன். ட்ரக் பலகைக்கு அடியில் இருக்கும் சாதாரண வகையாக இருந்தால் நடுவில் 6 மிமீ ரைசராவது (உயர்த்தும் தகடு) வைக்க வேண்டியிருக்கும்.

9 ஏப்ரல் 2023

85 மிமீயில் முதல் பயணம். சத்தம் குறைவு. செங்கல் பதித்த இடத்தில் பல் கிட்டித்துக்கொள்வதில்லை. சந்தோஷமாக வந்தேன்.

10 ஏப்ரல் 2023

இடது முட்டி வலிக்கிறது.

10 ஏப்ரல், மாலை

ஏன் என்று புரிந்தது. விட்டம் 15 மிமீ கூடினால் பலகை 7.5 மிமீ உயர்கிறது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் வலது கால் தரையைத் தொட வேண்டுமானால் பலகையில் நிற்கும் இடது முட்டி ஒவ்வொரு முறையும் அந்த 7.5 மிமீயும் சேர்த்து மடங்க வேண்டும். ஒரு உந்துக்கு 4 மீட்டர் போகிறேன் என்றால் 10 கிலோமீட்டருக்கு 2,500 உந்து. ஒற்றைக்காலில் 2,500 தோப்புக்கரணம், பிள்ளையாருக்குக்கூட இவ்வளவு போட்டதில்லை.

நீண்ட தூரம் உந்துகிறவர்கள் ஏன் பலகையைத் தரையோடு தரையாக வைக்கிறார்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது. பலகையைத் துளைத்து ட்ரக்கை அதன் வழியே ஏற்றி, அது போதாதென்று நிற்கும் இடத்தையும் கீழே இறக்கி வளைத்த பலகை எல்லாம் இருக்கிறது. அவர்கள் 85 போடலாம். உயரத்தை வேறு இடத்தில் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

23 ஏப்ரல் 2023

நேற்று நோன்புப் பெருநாள். பூங்கா முழுக்கக் கூட்டம், பாதையில் போக வழியில்லை. இன்று காலை 6 மணிக்கே போய்ச் சோதனை ஒன்று நடத்தினேன். சைக்கிள் பாதையில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் உச்சியில் நின்று, உந்தாமல், சும்மா உருளவிட்டு, எங்கே நிற்கிறது என்று காலடியால் அளந்தேன். ஒவ்வொன்றும் 5 முறை, சராசரி எடுத்தது.

பழைய 70: 61 அடி.
புதிய 85: 58 அடி.

அளந்தது தப்பாக இருக்கும் என்று மறுபடி சக்கரம் மாற்றினேன். அதே கதை. இரும்புக் கடையில் வாங்கிய 13 மிமீ ஸ்பானரோடு ஒருவன் விடிகாலையில் பாலத்தடியில் உட்கார்ந்து நாலு நட்டைக் கழற்றி மாட்டுவதை, நாய் நடத்த வந்த ஓர் அம்மா நின்று பார்த்துவிட்டுப் போனார்.

30 ஏப்ரல் 2023

"யூரித்தேன் (சக்கரம் வார்க்கும் பிளாஸ்டிக்) மட்டமாக இருந்தால் விட்டம் என்ன செய்யும்" என்று கேட்டவருக்கு நன்றி. அவர் சொன்னபடி துள்ளல் சோதனை செய்தேன். வீட்டுக்குக் கீழே வாய்ட் டெக்கில் (அடுக்குமாடியின் திறந்த தரைத்தளம்) வெறும் சக்கரத்தை இடுப்பு உயரத்திலிருந்து, உருளும் பக்கம் தரையில் படும்படி விழவிட வேண்டும். 85 கணுக்கால் வரைகூட எழும்பவில்லை, புளிமூட்டை மாதிரி தொப்பென்று உட்கார்ந்தது. பழைய 70 முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வந்தது. சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "மறுபடி போடு" என்றார். போட்டேன். தலையாட்டிவிட்டுக் குதிரையை நகர்த்தினார்.

விஷயம் இதுதான். சக்கரம் தரையில் படும் இடம் நசுங்குகிறது, விலகும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்க என் கால் கொடுத்த சக்தியில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல யூரித்தேன் பெரும்பகுதியைத் தந்துவிடும். மட்டமானது சூடாக மாற்றி வைத்துக்கொள்ளும். 78ஏ என்பது அழுத்தினால் எவ்வளவு உள்ளே போகும் என்ற கடினக் கணக்கு மட்டும்தான். திருப்பிக் கொடுக்குமா என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. இரண்டு சக்கரத்திலும் 78ஏ என்றுதான் போட்டிருக்கிறது.

சரி, 32 வெள்ளி போச்சு.

14 மே 2023

சுமத்ரா காற்று. விடிகாலையில் வந்து அடித்துவிட்டு 8 மணிக்கு ஒன்றும் தெரியாததுபோல் வெயில். பாதை பாதி ஈரம். பேரிங் ஈரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று தெரிந்தும் போனேன்.

21 மே 2023

பேரிங் கரகரக்கிறது. கழற்றி, ரப்பர் மூடியை ஊசியால் நெம்பி, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் ஆளுக்கு இரண்டு சொட்டு. இந்த ஊர் ஈரப்பதத்துக்கு இதை மாதம் ஒருமுறை செய்தாலும் தப்பில்லை.

அப்புறம், "ஏபெக் 11 பேரிங் எங்கே கிடைக்கும்" என்று கேட்டவருக்கு. ஏபெக் 11 என்பது சக்கரம் செய்யும் கம்பெனியின் பெயர். பேரிங்குக்கான ஏபெக் தரம் 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் போய் 9இல் நின்றுவிடும். அந்த எண்ணும் துல்லியத்துக்கானது, வேகத்துக்கானது இல்லை. நான் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் (போனால்!) 75 மிமீ சக்கரம் நிமிடத்துக்கு 1,400 சுற்றுதான் சுற்றும். அதற்கு 9 எதற்கு. 608 என்று போட்ட, 8 மிமீ துளையும் 22 மிமீ வெளிவிட்டமும் உள்ள எந்தச் சுத்தமான பேரிங்கும் போதும். சுத்தமான என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

4 ஜூன் 2023

கீழே விழுந்தேன். சவுக்குக் காய்.

கடலோரச் சவுக்கு மரங்களுக்கு அடியில் பாதையெல்லாம் உதிர்ந்து கிடக்கும், சின்னப் பீப்பாய் மாதிரி, முள்ளு முள்ளாக, 12 மிமீ தடிமன் இருக்கும். முன்சக்கரம் நேராக ஏறியது. ஏறியது என்றா சொன்னேன், நின்றது. உள்ளங்கையில் தோல் போனது, மற்றபடி ஒன்றுமில்லை. பழைய 70தான் மாட்டியிருந்தேன்.

மார்ச்சில் போட்ட கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. இடைவெளியில் இறங்குவதில் விட்டம் பெரிய வித்தியாசம் செய்யாது, அது சரி. தரையிலிருந்து துருத்திக்கொண்டிருப்பதன் மேல் ஏறுவது வேறு. 12 மிமீ காயின் உச்சியைத் தாண்ட 70 மிமீ சக்கரம் 49 பாகை சரிவை ஏறுவதற்குச் சமம். 85க்கு 44 பாகை. ஐந்து பாகைதான், ஆனால் நிற்பதா தாண்டுவதா என்பது அந்த விளிம்பில்தான் முடிவாகிறது. ஆகவே பெரிது வாங்கச் சொன்ன மூவரிடமும் பாதி மன்னிப்பு.

1970களின் தொடக்கம் வரை களிமண் சக்கரத்தில் ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தால் உள்ளங்கை இன்னும் எரிகிறது. சின்னக் கூழாங்கல் பட்டாலே பலகை அங்கேயே நின்றுவிடுமாம். பிராங்க் நாஸ்வொர்த்தி என்ற அமெரிக்கர் வர்ஜீனியாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்து வைத்திருந்த யூரித்தேன் சக்கரத்தைப் பார்த்து, தன் பலகையில் மாட்டி, பிறகு கேடிலாக் என்ற பெயரில் விற்றார். நாம் எல்லோரும் அந்த மனிதருக்குக் கொஞ்சம் தோல் கடன்பட்டிருக்கிறோம்.

11 ஜூன் 2023

மிச்சம் 18 வெள்ளி. வீட்டம்மாவிடம் சொல்லி 20 கூட்டினேன். (சொன்னது சக்கரத்துக்கு என்று இல்லை. அது வேறு கதை.)

பழைய பொருள் விற்கும் செயலியில் ஒராங்கட்டாங் இன் ஹீட் 75 மிமீ, நான்கும் 38 வெள்ளி. படத்தில் ஊதா நிறம். இந்தக் கம்பெனியில் ஒரு வசதி, நிறத்தைப் பார்த்தே கடினம் சொல்லிவிடலாம்: நீலம் 77ஏ, ஆரஞ்சு 80ஏ, ஊதா 83ஏ, மஞ்சள் 86ஏ. விற்பவருக்கே தெரியாவிட்டாலும் படம் சொல்லிவிடும். 84 கிலோ ஆளுக்கு, ஈஸ்ட் கோஸ்ட் மாதிரி வழவழப்பான பாதைக்கு, 83 பரவாயில்லை என்று தோன்றியது. இந்த வெயிலில் யூரித்தேன் இன்னும் கொஞ்சம் இளகத்தான் செய்யும்.

தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்தோம். பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்ததும் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு சக்கரம் 74, இரண்டு 72. பின்சக்கரங்கள் அதிகம் தேய்ந்திருக்கின்றன, ஒரு பக்கம் கூம்பாகவும் போயிருக்கிறது. 75 என்றுதானே போட்டிருந்தீர்கள் என்றேன். 34க்குத் தந்தான்.

பழையது வாங்குகிறவர்கள் விட்டத்தை உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். தரையில் உருட்டும்போது டக் டக் என்று ஒரே இடத்தில் தட்டினால் அங்கே தட்டையாகியிருக்கிறது, வேண்டாம். கூம்பு இருந்தால் பயப்பட வேண்டாம். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, முன்னிடதைப் பின்வலத்துக்கும் பின்னிடதை முன்வலத்துக்குமாக மாற்றினால் போகப்போகச் சமமாகிவிடும்.

18 ஜூன் 2023

பாலத்தில் உருட்டினேன். தேய்ந்த 75: 74 அடி. பழைய 70ஐவிட 13 அடி கூட. துள்ளலும் பிரமாதம், முழங்காலைத் தாண்டுகிறது. சதுரங்கப் பெரியவர் இல்லை, காட்டியிருப்பேன். உயரம் 70ஐவிட 2 மிமீயோ என்னவோ கூட, முட்டிக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் சொல்கிறேன்: பட்ஜெட் என்றால் பெயர் இல்லாத புதுசைவிட நல்ல யூரித்தேனில் பழசு.

16 ஜூலை 2023

மேலே சொன்னதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

அக்கா மகன் வார இறுதிக்கு முகாமிலிருந்து வந்தான். முடி இல்லை, கறுத்துப்போய், கை மட்டும் இரண்டு மடங்காகியிருக்கிறது. பெருமையாகப் பலகையைக் காட்டினேன். கவிழ்த்துப் போட்டு ஒரு சக்கரத்தை விரலால் சுண்டினான். நின்றது. இன்னொன்றைச் சுண்டினான். அது ஓடியது. "மாமா, நட்டை யார் இவ்வளவு இறுக்கினது? ஸ்பேசர் எங்க?"

ஸ்பேசரா?

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் அச்சின்மேல் உட்காரும் சின்ன உலோகக் குழல், 10 மிமீ நீளம். அது இருந்தால் நட்டை இறுக்கும்போது அழுத்தம் குழலின் வழியாகப் போகும். இல்லாவிட்டால் இரண்டு பேரிங்கின் உள்வளையமும் ஒன்றையொன்று நோக்கி நசுங்கி, குண்டுகள் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். மே மாதம் பேரிங் கழுவியபோது கிண்ணத்தின் அடியில் கிடந்த "தேவையில்லாத" குழல்கள் ஞாபகம் வந்தது. எங்கே வைத்தேன் என்று மட்டும் வரவில்லை.

எட்டு ஸ்பேசர் வாங்கப் போனேன். "நாலு போதும் மாமா, சக்கரத்துக்கு ஒண்ணு" என்றான். சக்கரத்துக்கு ஒன்று, 4 வெள்ளி.

அவன் இன்னொன்றும் சொன்னான். "நீங்க ரொம்ப நிமிர்ந்து தள்றீங்க." அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

23 ஜூலை 2023

ஸ்பேசர் போட்டு, நட்டை இறுக்கி, மறுபடி பாலம்.

70: 69 அடி.
75: 79 அடி.
85: 63 அடி.

அதாவது 4 வெள்ளிக் குழல் பழைய சக்கரத்துக்கே 8 அடி கொடுத்திருக்கிறது. 34 வெள்ளிச் சக்கரம் அதற்கு மேல் 10 அடி. 32 வெள்ளி 85 இன்னும் கடைசிதான், அதற்கு விமோசனம் இல்லை.

ஆனால் ஒன்று யோசிக்கிறேன். ஏப்ரலில் 61 அடி அளந்தபோது ஸ்பேசர் இருந்ததே? பேரிங் கழுவியது மே மாதம்தானே? அப்படியானால் அன்று நட்டைத்தான் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இறுக்கியிருக்கிறேனா? அல்லது அக்கா மகன் கொடுத்தபோதே இல்லையா, கிண்ணத்தில் பார்த்தது வாஷரா? அவனைக் கேட்டால் "இருந்துச்சு" என்கிறான். காற்று வேறு அன்று கடலிலிருந்து அடித்தது. என் எண்களை ரொம்ப நம்பாதீர்கள். வரிசை மட்டும் மூன்று முறையும் மாறவில்லை, அதை நம்பலாம்.

9 ஆகஸ்ட் 2023

தேசிய தினம், விடுமுறை. பராஜ் வரை போய்த் திரும்பிவிட்டேன். போக 62 நிமிடம். வர எவ்வளவு என்று பார்க்கவில்லை, நடுவில் கோப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்காவில் மியாமிக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் கார் பந்தயத் தடத்தில் 24 மணி நேரம் உந்தும் அல்ட்ராஸ்கேட் நடக்கிறதே, 300 மைலைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எந்தச் சக்கரம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, அவர்கள் போடுவது 85 மாதிரிப் பெரிய சக்கரம்தான். பலகை கணுக்காலுக்குக் கீழே. யூரித்தேன் முதல் தரம். கால் அவர்களுடையது.

8 அக்டோபர் 2023

புகைமூட்டம். வெளியே போகவில்லை. நேற்று காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டியது, 2019க்குப் பிறகு இப்போதுதான்.

வீட்டில் உட்கார்ந்து 85ஐச் செயலியில் போட்டேன். 12 வெள்ளி. "வேகம் கிடையாது, சத்தம் கிடையாது" என்று உள்ளதை எழுதினேன்.

15 அக்டோபர் 2023

விற்றுவிட்டது. வாங்க வந்தவர் பெடோக்கில் இருக்கும் ஒரு சீன அம்மா, 60க்கு மேல் இருக்கும். பேரனுக்கா என்று கேட்டேன். இல்லையாம், சந்தைக்கு இழுத்துப் போகும் தள்ளுவண்டிக்கு. பழைய பிளாஸ்டிக் சக்கரம் காலையில் அடுக்குமாடி புளோக்கையே எழுப்பிவிடுகிறதாம். வண்டியின் அச்சு 8 மிமீயா என்று கேட்டேன். பையிலிருந்து அச்சையே எடுத்துக் காட்டினார். பேரிங்கை உள்ளே அழுத்திப் பார்த்தோம், கச்சிதமாக நுழைந்தது. இரண்டு சக்கரம்தான் வேண்டும் என்றார். நான்கையும் கொடுத்து 8 வெள்ளி வாங்கிக்கொண்டேன். ஸ்பேசரும் இரண்டு வைத்தேன்.

22 அக்டோபர் 2023

காலையில் ஈரச்சந்தைப் பக்கம் பார்த்தேன். வண்டியில் ஒரு முழுப் பூசணி, இரண்டு கட்டுக் கீரை, பையில் மீன். வடிகால் மூடியின் மேல் சத்தமே இல்லாமல் போகிறது.